சிங்கப்பூரில் ஆக்சிலரேட்டர் திட்டத்தில் சேரும் நிறுவனருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஓர் ஆக்சிலரேட்டர் திட்டத்தில் இடம் கிடைத்து, இன்னும் சில வாரங்களில் அதில் சேரவிருக்கும் புதிய நிறுவனர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருபவருக்கும், இங்கேயே பல ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் இருந்துவிட்டு இப்போது சொந்தத் தொழிலில் இறங்குபவருக்கும் தேவைப்படும் விவரங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன். திட்டம் நடத்துபவர்கள் பயிலரங்கு, ஆலோசகர் சந்திப்பு, விருந்து, பிட்ச் (முதலீட்டாளர் முன் பேசும் உரை) ஒத்திகை என்று உங்கள் நாள்களை நிரப்பத் தயாராக இருப்பார்கள். அவற்றில் எவ்வளவுக்கு இடம் கொடுப்பது என்பதை முதல் வாரத்துக்கு முன்பே நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தைக் காப்பாற்றுவதற்காகவே சொல்லப்படுகின்றன.

ஒரு தொகுதியாகச் சில நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, சிறிய முதலீடு கொடுத்து, சில மாதங்கள் உடனிருந்து வளர்த்து, இறுதியில் ‘டெமோ நாள்’ என்ற நிகழ்ச்சியில் முதலீட்டாளர்கள் முன் நிறுத்தும் ஆக்சிலரேட்டர் முறையை அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் பரவலாக்கியது. சிங்கப்பூரில் இவ்வகைத் திட்டங்கள் ஒன்-நார்த் வட்டாரத்தை ஒட்டி வளர்ந்தன. ஆயர் ராஜா கிரெசண்டில் பழைய தொழிற்கூடக் கட்டடமாக இருந்த பிளாக் 71, 2011-இல் புதுத்தொழில் நிறுவனங்களுக்கான இடமாக மாறியது. இங்குள்ள திட்டங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. ஆன்ட்லர் போன்றவை தனியாளாக வருபவரையும் சேர்த்துக்கொண்டு, அங்கேயே இணை நிறுவனரைத் தேட வைக்கும். வேறு சில, ஏற்கெனவே குழுவும் பொருளும் உள்ள நிறுவனங்களையே எடுக்கும். முதல் வகையில் சேருபவருக்குத் தொடக்க வாரங்கள் ஆள் தேடுவதிலேயே கழியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கவும்.

முதற்படி: கையெழுத்திடுவதற்கு முன்

திட்டம் கொடுக்கும் தொகையைப் பார்ப்பதைவிட, அதற்கு ஈடாக எவ்வளவு பங்கு போகிறது, எந்த வகை ஒப்பந்தத்தின் வழியாகப் போகிறது என்பதைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், ஒய் காம்பினேட்டர் 2022-இல் அறிவித்த வழக்கமான ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்: 125,000 அமெரிக்க டாலருக்கு 7 விழுக்காட்டுப் பங்கு, மேலும் 375,000 டாலர், பின்னர் வரும் முதலீட்டாளருக்குக் கிடைக்கும் சிறந்த நிபந்தனையையே தானும் பெறும் ‘சேஃப்’ ஒப்பந்தமாக. உங்களுக்கு வந்திருக்கும் சலுகை இதைவிடக் குறைந்த பணத்துக்கு அதிகப் பங்கு கேட்டால், அந்தக் கூடுதல் பங்குக்கு வேறு என்ன கிடைக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை.

சேஃப் என்பது இன்று பணம் கொடுத்து, பின்னர் விலை நிர்ணயிக்கப்படும் சுற்றில் பங்கைப் பெறும் ஏற்பாடு. அது கடன் அன்று, வட்டியும் கிடையாது, ஆனால் அதன் விளைவை நிறுவனர்கள் பெரும்பாலும் தாமதமாகவே உணர்கிறார்கள். ஆக்சிலரேட்டருக்கு 7 விழுக்காடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் ஒருவரிடம், முதலீட்டுக்குப் பிந்தைய 3 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்பு உச்சவரம்பில், அதாவது பங்கைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் நிறுவன மதிப்பின் மேல் எல்லையில், 300,000 வெள்ளி வாங்குகிறீர்கள். அது 10 விழுக்காடு. இன்னொருவரிடம் 5 மில்லியன் உச்சவரம்பில் 250,000 வாங்குகிறீர்கள். அது 5 விழுக்காடு. இப்படிப்பட்ட சேஃப் ஒப்பந்தங்கள் பொதுவாக ஒன்றையொன்று குறைப்பதில்லை; எல்லாச் சுமையும் நிறுவனர்களின் பங்கின்மேல்தான் விழும். முதல் பெரிய முதலீட்டுச் சுற்றில் உட்காருவதற்கு முன்பே ஏறத்தாழ 22 விழுக்காடு கைமாறியிருக்கும். ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்பும் இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர்ச் சட்டக் கழகமும் இங்குள்ள துணிகர முதலீட்டுச் சங்கமும் சேர்ந்து 2018 முதல் ‘விமா’ என்ற பெயரில் மாதிரி ஒப்பந்தங்களை இலவசமாக வெளியிட்டு வருகின்றன. உங்களிடம் நீட்டப்படும் தாள் அந்த மாதிரியிலிருந்து எங்கே விலகுகிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டால், அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

இரண்டாம் படி: பதிவு, அனுமதி அட்டை, வங்கி, வீடு

நிறுவனத்தைப் பதிவு செய்வது சிங்கப்பூரில் எளிது. அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயருக்கு 15 வெள்ளியும் பதிவுக்கு 300 வெள்ளியும் கட்டினால் போதும். குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ உரிய அனுமதி அட்டையோ கொண்டு இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். இங்கு ஒரு பதிவு முகவரியும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். சிங்பாஸ் என்ற சிங்கப்பூர் மின்னிலக்க அடையாளம் இல்லாத வெளிநாட்டவர், பதிவு பெற்ற சேவை நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் இதைச் செய்ய முடியும். பெயரளவு இயக்குநரை ஏற்பாடு செய்து தரும் சேவைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அதையும் உங்கள் வரவுசெலவில் எழுதிவிடுங்கள்.

உண்மையில் சிக்கல் வருவது அனுமதி அட்டையில்தான். இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர், மாலை நேரத்தில் சொந்த நிறுவனத்தை நடத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரிலும் சேர்ந்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். அந்த அட்டை, அதில் எழுதியிருக்கும் முதலாளியிடம் வேலை செய்வதற்கு மட்டுமே உரியது. இன்னொரு நிறுவனத்தில் இயக்குநராவதற்கு மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் தேவை. தற்போதைய வேலையோடு தொடர்பற்ற சொந்தத் தொழிலுக்கு அது கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. நிறுவனர்களுக்கென்றே உள்ளது ஆன்ட்ரபாஸ். முதலில் ஓராண்டுக்குக் கிடைக்கும். அரசாங்கம் அங்கீகரித்த இன்குபேட்டரிலோ ஆக்சிலரேட்டரிலோ இடம் பெற்றிருப்பது அதற்கான தகுதிகளுள் ஒன்று என்பதால், உங்கள் திட்டம் அந்தப் பட்டியலில் உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்கும்போது, உள்நாட்டவருக்கு வேலை கொடுத்ததையும் நிறுவனம் இங்கே செலவழித்ததையும் அமைச்சு பார்க்கும். முதல் ஊழியரை எந்த ஊரில் எடுப்பது என்ற முடிவோடும் இது பிணைந்திருக்கிறது.

இந்தியாவில் வசித்துக்கொண்டே இங்குள்ள நிறுவனத்தில் பங்கு எடுப்பவர், இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி நிதியாண்டுக்கு 250,000 அமெரிக்க டாலர் என்ற தனிநபர் வரம்புக்குள் பணம் அனுப்ப வேண்டும். அதற்கான படிவங்களை அனுப்பும் நாளிலேயே முடிப்பது நல்லது. பின்னாளில் முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

வங்கிக் கணக்கு, பதிவைப் போல ஒரே நாளில் முடியாது. இயக்குநர்கள் வெளிநாட்டவராக இருந்தால் வங்கிகள் கூடுதல் கேள்விகள் கேட்கும். ஆக்சிலரேட்டரின் பணம் வந்து இறங்குவதற்குக் கணக்கு இல்லாமல் தவிப்பவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் உண்டு. ஆகவே பதிவு முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள். தங்குமிடத்தைப் பொறுத்தவரை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது என்பது தெரிந்தால் போதும். மூன்று மாதத் திட்டத்துக்கு வருபவருக்குத் தனியார் அடுக்குமாடியில் ஓர் அறைதான் பொருந்தும். வட்டப் பாதை எம்ஆர்டி ரயில் நிலையம் ஒன்றின் அருகே கிடைத்தால் ஒன்-நார்த்துக்குப் போய்வருவது எளிது.

மூன்றாம் படி: இணை நிறுவனரோடு எழுதிக்கொள்ள வேண்டியவை

நம்மிடையே இணை நிறுவனர் என்பவர் பெரும்பாலும் கல்லூரித் தோழராகவோ, மச்சானாகவோ, ஒன்றுவிட்ட சகோதரராகவோ இருப்பார். ‘நமக்குள் எதற்கு எழுத்து’ என்ற சொல் எங்கிருந்து வந்தாலும் அதை ஏற்காதீர்கள். இருவருக்கும் பாதிப் பாதி என்று பங்கு போட்டுக்கொண்ட நிறுவனத்தில், எட்டாவது மாதத்தில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், வேலை செய்யாத ஒருவரிடம் பாதி நிறுவனம் தங்கிவிடும்; அப்படிப்பட்ட பங்குப் பட்டியலைப் பார்க்கும் முதலீட்டாளர் பெரும்பாலும் விலகிவிடுவார். இதைத் தடுக்கத்தான் வெஸ்டிங் என்ற ஏற்பாடு இருக்கிறது. வழக்கமான வடிவத்தில் நான்கு ஆண்டுகளில் பங்கு படிப்படியாக உரிமையாகும். முதலாண்டு முடியும் முன் விலகுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. உறவினரிடம் இதைச் சொல்வது சங்கடமாக இருந்தால், ஆக்சிலரேட்டர் கேட்கிறது என்று சொல்லிவிடலாம்; பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

எழுதிய நிரல்கள், வடிவமைப்புகள் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற ஒப்படைப்புப் பத்திரத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். முந்தைய முதலாளியிடம் இருந்தபோது, அவருடைய கணினியில் எழுதிய நிரல் எதுவும் இதில் கலந்திருக்கக் கூடாது. திட்டம் தொடங்கிய பிறகு, வாரத்தில் ஒருமுறையாவது, வேலைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு இருவர் மட்டும் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, மனத்தில் உறுத்துவதைப் பேசுங்கள். ஆக்சிலரேட்டரில் நெருக்கடி மிகுவதால், வெளியே ஓராண்டில் வெளிப்படும் பூசல் இங்கே ஆறாவது வாரத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

நான்காம் படி: வாரத்தை அமைத்தல்

பெரும்பாலான திட்டங்களில் வாரத்தின் தொடக்கத்தில் ஓர் எண்ணை அறிவிக்கச் சொல்வார்கள்: வருவாய், பணம் கட்டிய வாடிக்கையாளர் எண்ணிக்கை, திரும்பி வந்து பயன்படுத்துவோர் எண்ணிக்கை போன்ற ஏதாவது ஒன்று. வார இறுதியில் அது எவ்வளவு நகர்ந்தது என்று தொகுதியினர் முன் சொல்ல வேண்டும். செயலியைப் பதிவிறக்கியோர் எண்ணிக்கை போல, எளிதில் ஏறக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோர் முன்னும் கைதட்டு வாங்குவதில் பயனில்லை. தயக்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கும் எண்ணே பெரும்பாலும் சரியான எண்.

சிங்கப்பூர் நேரம் உங்களுக்கு ஒரு வசதியைத் தருகிறது. இந்திய நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. சென்னையில் உங்கள் பொறியாளர்கள் காலை 9.30 மணிக்கு உட்காரும்போது இங்கே நண்பகல் 12 மணி. ஆகவே காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். வாடிக்கையாளர் சந்திப்புக்கும் நீங்களே செய்ய வேண்டிய எழுத்து வேலைக்கும் அந்த நான்கு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பயிலரங்கு வைக்கப்பட்டால், அது உங்களுக்கு இப்போது தேவையானதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ளலாம். மரியாதையாகக் கேட்பவரைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. சொல்லாமலேயே வராமல் மறைபவர்மேல்தான் வருத்தம் வரும். மாலையில் இதன் மறுபக்கம் காத்திருக்கிறது: சென்னையில் 6.30 மணிக்கு அன்றைய வேலையை முடித்துப் பேச அழைக்கும்போது இங்கே இரவு 9 மணி. வாரத்தில் எந்த நாள்களில் அந்த அழைப்பு இருக்கும் என்று வரையறுக்காவிட்டால் எல்லா நாள்களிலும் இருக்கும். கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளரோ முதலீட்டாளரோ இருந்தால், அவர்களுடைய முந்தைய நாள் மாலை நான்கு, ஐந்து மணி என்பது இங்கே காலை எட்டு மணி. அந்த அழைப்பு உங்கள் காலை நேரத்தைத்தான் தின்னும்.

மதிய உணவைப் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொண்டால் ஒன்-நார்த் வட்டாரத்தில் வரிசையில் நின்றே நேரம் போகும்; பதினொன்றரைக்கோ ஒன்றரைக்கோ போவது நல்லது. மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைப்பது 2021 முதல் கட்டாயம். விருந்தினராக வரும் முதலீட்டாளரும் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். இந்த ஊரில் அது இயல்பு.

ஐந்தாம் படி: ஆலோசகர்களைக் கையாளுதல்

தொடக்க வாரங்களில் ஆலோசகர்கள் வரிசையாக வருவார்கள். ஒருவர் விலையை இரண்டு மடங்காக்கச் சொல்வார். அடுத்தவர் இலவசமாகக் கொடுக்கச் சொல்வார். மூன்றாமவர் இந்தோனேசியாவுக்குப் போகச் சொல்வார். மூவரும் தத்தம் அனுபவத்தில் நேர்மையாகவே பேசுகிறார்கள் என்பதால்தான் குழப்பம் மிகுகிறது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அவர் சொன்னதை ஒரு பக்கத்திலும், அவர் எந்தத் தொழிலில், எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் அதைக் கற்றார் என்பதை மறு பக்கத்திலும் எழுதுங்கள். சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் உங்களுக்கு, உணவு விநியோகத்தில் பெரும் முதலீட்டோடு வளர்ந்தவரின் விலை ஆலோசனை பொருந்தாது. ஆள் சேர்ப்பது பற்றிய அவருடைய ஆலோசனை பொருந்தலாம். எந்த ஆலோசனையையும் ஒரு வாரத்துக்குள் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க முடியாவிட்டால் அதைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.

நம் வளர்ப்பில் பெரியவர் சொன்னதை மறுப்பது எளிதன்று. மறுக்கத் தேவையுமில்லை. இரண்டு வாரம் கழித்து, ‘நீங்கள் சொன்னதை இப்படிச் சோதித்தோம், இந்த எண் வந்தது, ஆகையால் இந்த வழியை எடுத்தோம்’ என்று நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், ஆலோசனையைப் பின்பற்றாதபோதும் அவர் உங்களை மதிப்பார். பிற்பாடு முதலீட்டாளரிடம் அறிமுகம் செய்துவைப்பவரும் பெரும்பாலும் இப்படிப் பதில் பெற்றவர்தான்.

ஆறாம் படி: வாடிக்கையாளரிடம் போவது

இதற்கு வாரத்தில் பாதி நேரத்தைக் கொடுங்கள் என்பது என் கருத்து. எந்த ஒருங்கிணைப்பாளரும் இதைக் குறை சொல்ல மாட்டார். சிங்கப்பூரில் ஏறத்தாழ 6 மில்லியன் மக்கள் இருக்கிறார்கள். சந்தையாக அது சிறியது. ஆனால் எம்ஆர்டியில் ஏறினால் ஒரே நாளில் துவாஸில் ஒரு தொழிற்சாலையையும், தோ பாயோவில் ஒரு மருந்தகத்தையும், ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வங்கியையும் நேரில் பார்த்துவிடலாம். இப்படி ஒரே நாளில் பலவகை வாடிக்கையாளரைப் பார்ப்பது பெரிய நகரங்களில் நடக்காத காரியம்.

தமிழருக்கு முதல் வாடிக்கையாளர் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் எளிதாகக் கிடைப்பார். அங்கேதான் எச்சரிக்கையும் தேவை. “நல்லா இருக்கு தம்பி, செய்யுங்க” என்று கடைக்காரர் சொல்வது பாசத்தினால். அதைத் தேவை என்று குறித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறார், அதற்கு மாதம் எவ்வளவு செலவாகிறது, கடைசியாக அதில் கோளாறு வந்தபோது என்ன செய்தார் என்று கேளுங்கள். பிறகு, ஐம்பது வெள்ளியானாலும் சரி, பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் முன்பணம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பின் வரும் மௌனமோ பேரமோ உங்களுக்கு வேண்டிய தகவல். பெரிய நிறுவனங்களோடு செய்யும் இலவசச் சோதனை ஓட்டத்துக்கு முடிவுத் தேதி, வெற்றி என்பதன் அளவுகோல், வெற்றி பெற்றால் கட்ட வேண்டிய விலை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அது டெமோ நாள் வரை இழுத்துக்கொண்டே போகும்.

பொதுமக்களின் கைத்தொலைபேசி எண்களுக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதாக இருந்தால், அழைக்க வேண்டாம் என்று பதிந்துகொண்டோரின் பட்டியலை முதலில் சரிபார்ப்பது சட்டப்படி கட்டாயம். மற்றவர் பணத்தை வாங்கி அனுப்பும் தொழிலாக இருந்தால், 2019-ஆம் ஆண்டுப் பணம் செலுத்தும் சேவைகள் சட்டத்தின்கீழ் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் தேவையா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். வாடிக்கையாளர் சேர்ந்தபின் கேட்பது மிகவும் தாமதம்.

ஏழாம் படி: கையிருப்பு

கணக்கில் 150,000 வெள்ளி இருக்கிறது, மாதம் 15,000 செலவாகிறது என்றால் பத்து மாதம் தாங்கும். திட்டம் மூன்று மாதத்தைத் தின்றுவிடும். முதலீடு திரட்ட நான்கைந்து மாதம் ஆகும் என்று வைத்தால், எதிர்பாராததற்கு மிஞ்சுவது இரண்டு மூன்று மாதம்தான். ஆகவே திட்டம் நடக்கும்போதே ஆள் எடுக்கத் தூண்டும் பேச்சுக்கு உடனே இணங்க வேண்டாம். குடியுரிமை பெற்றவரையோ நிரந்தரவாசியையோ வேலைக்கு எடுத்தால், 55 வயது வரையுள்ளவருக்குச் சம்பளத்தின்மேல் முதலாளி 17 விழுக்காடு மத்திய சேமநிதி கட்ட வேண்டும்; புதிய நிரந்தரவாசிகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த விகிதம். இயக்குநராகிய நீங்கள் சம்பளம் எடுத்தாலும் இதே விதிதான். பொருள் சேவை வரிக்கான பதிவு, ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டும்போதுதான் கட்டாயமாகிறது.

சம்பளமே எடுக்காமல் இருப்பது தியாகமாகத் தோன்றலாம். வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் தடைப்பட்டால் முடிவுகள் பதற்றத்தில் எடுக்கப்படும். அவ்விரண்டுக்கும் போதுமானதை எடுத்துக்கொண்டு, அதை இணை நிறுவனருக்கும் தெரியும்படி எழுதிவையுங்கள்.

எட்டாம் படி: டெமோ நாளும் அதன் பின்னும்

டெமோ நாளுக்கு முந்தைய மூன்று வாரங்களில் பிட்ச் ஒத்திகை எல்லா நேரத்தையும் விழுங்கப் பார்க்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று எல்லை வகுத்து, நிறுவனர்களில் ஒருவர் மட்டும் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர் விற்பனையை விடக் கூடாது. மேடையில் சொல்லும் எண்களில் மிக வலுவானது, பெரும்பாலும் அந்த மூன்று வாரத்தில் வந்ததாகவே இருக்கும். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் வருந்துகிறார்கள். மெதுவாகப் பேசி, ஒரு படத்தில் ஓர் எண் மட்டும் காட்டினால் அரங்கம் புரிந்துகொள்ளும்.

அன்று மேடையில் முதலீடு முடிவாவதில்லை. கை குலுக்கியவர்களின் பெயர்களை அன்றிரவே பட்டியலிட்டு, மறுநாள் காலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, அடுத்த இரண்டு வாரத்துக்குள் சந்திப்புகளை நெருக்கமாக அடுக்குங்கள். அவை பரவிக்கிடந்தால் ஒருவர் முடிவுக்காக இன்னொருவர் காத்திருப்பார். முதலீட்டாளர் கேட்கும் ஆவணங்கள், அதாவது பதிவுச் சான்று, பங்குப் பட்டியல், நிரல் ஒப்படைப்புப் பத்திரம், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், வங்கி அறிக்கை ஆகியவை முன்பே ஒரே கோப்புறையில் இருக்கட்டும்.

திட்டம் முடிந்த பிறகு நினைவூட்ட ஒருங்கிணைப்பாளர் இருக்க மாட்டார். நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு வருமான மதிப்பீடு போக வேண்டும். விதிவிலக்குப் பெற்ற சிறு நிறுவனங்களுக்கு மட்டும் அது தேவையில்லை. ஏழு மாதத்துக்குள் அக்ராவில் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரையிலான தாமதத்துக்கு 300 வெள்ளியும், அதற்கு மேற்பட்டால் 600 வெள்ளியும் தண்டம். செயலாளரிடம் இந்தத் தேதிகளைக் கேட்டு, டெமோ நாளைக் குறித்த அதே நாள்காட்டியில் இப்போதே ஏற்றிவிடுங்கள்.